ஊர் டிக்கெட்டெல்லாம் என் நம்பரில்

ராயபுரத்தில் நான் பூசைக்குப் போனாலும் சரி, மீன் வாங்கப் போனாலும் சரி, யாராவது ஒருவர் என்னை வழியில் நிறுத்தி இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. "பிலோக்கா, பிளைட் டிக்கெட்ட டூர் கம்பெனில குடுத்துப் போடறது நல்லதா, நாமளே போன்ல போட்டுக்கலாமா?" வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த டூர் கம்பெனியில் வாழ்நாளெல்லாம் டிக்கெட் போட்டவள் நான். அதனால் என்னிடம் ஞானம் மூட்டை மூட்டையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்!

இப்போது கம்பெனியை நடத்துவது எங்கள் முதலாளி நூருல்லா பாயின் மகள். அவரும் இதையே கேட்டுவிட்டார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் படிக்க, என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "கம்பெனி மூலமா போறதுதான் நல்லதுன்னு எழுதுங்கக்கா" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் டீயோடு சமோசாவும் வாங்கித் தந்தார். சமோசாவைத் தின்றுவிட்டேன். அதற்கு நன்றியாக எழுத வேண்டியதை எழுத முடியுமா என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. துறைமுகத்தில் கிளார்க் ஆக வேண்டும் என்று டைப்ரைட்டிங் படித்தேன். துறைமுகத்துக்கு நான் தேவைப்படவில்லை. எங்கள் மாதா கோயில் உபதேசியார் கைகாட்டியதில் நூருல்லா பாயின் கம்பெனிக்குப் போனேன். பாய் என்னை உட்கார வைத்து, "பாங்காக் எந்த நாட்டுலம்மா இருக்கு?" என்று கேட்டார். "சிங்கப்பூர்ல" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன். அன்றே சேர்த்துக்கொண்டார். ரொம்ப நாள் கழித்து, ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "தெரியாததையே இவ்ளோ தைரியமா சொல்ற பொண்ணு, தெரிஞ்சதைச் சொன்னா கஸ்டமர் நடுங்காம பிளைட் ஏறுவான்" என்றார். அதைப் பாராட்டு என்றே இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பஸ் டூர்தான். வேளாங்கண்ணி, நாகூர், திருப்பதி. எண்ணூரில் புறப்படும் பஸ் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று ஆள் ஏற்றிக்கொண்டே வரும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்கள். பிறகு துபாய், மஸ்கட், சிங்கப்பூர், மக்காவுக்கு உம்ரா யாத்திரை என்று பிளைட் டிக்கெட் வந்தது. துண்டு போட முடியாத வண்டி என்பதே எங்கள் ஜனங்களுக்குப் பெரிய குறை. நான் பறந்தது ஒரே தடவைதான். உம்ரா குரூப்பை வழியனுப்ப மும்பை வரை கூடப் போனேன். போகும் வழியெல்லாம் வாந்தி. அந்தக் குரூப்பில் இருந்த பெரியம்மாக்கள்தான் எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கூட்டிப்போனார்கள்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, லேசான அத்தர் வாசனை. எல்லாருக்கும் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். உதடு அசைவது மட்டும் தெரிந்து சத்தமே கேட்காவிட்டால், அன்றைக்கு யாரோ ஒருவர் செத்தார் என்று அர்த்தம். பெரும்பாலும் அது நான்தான். என் குரலோ நேர் எதிர். நான் போனில் துபாய் ரேட் சொன்னால் கீழே புடவை எடுக்க வந்தவர்களுக்கும் தெரிந்துவிடும். அப்படிக் கேட்டு மேலே ஏறி வந்து டிக்கெட் போட்டவர்களும் உண்டு. அதை என் சாமர்த்தியம் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு நாங்கள் 'வாசிப்பு' என்று பெயர் வைத்திருந்தோம். டிக்கெட்டை அச்சடித்ததும் கையில் கொடுத்துவிட மாட்டார். போகிறவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார வேண்டும். பாய் மட்டும் எழுந்து நின்று படிப்பார். பேர் யாருது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் அவரவர் வாயால் "ஆமா" சொல்ல வேண்டும். அதோடு விடமாட்டார்.

"செவ்வாக்கிழமை பன்னண்டரை மணி போட்டிருக்கு, பகல் இல்ல, நடுராத்திரி. அப்ப வூட்டுலேருந்து என்னைக்குக் கிளம்புவீங்க?"

"செவ்வாக்கிழமை ராத்திரி பாய். சோறு துன்னுட்டு கெளம்பிடுவோம்."

"நீங்க செவ்வாக்கிழமை சோறு தின்னும்போது, பிளைட் உங்களை வுட்டுட்டுப் போயி ஒரு நாள் ஆயிருக்கும். திங்கக்கிழமை ராத்திரி கிளம்பணும். எங்க, திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். "கிளம்பற அன்னைக்கு வூட்டுச் சாவி யார் கையில?" இதற்கும் பிளைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பல காலம் விளங்கவில்லை. சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிற ஆள்தான் புறப்படுகிற நேரத்தை மனதில் வாங்கியவன் என்பது அவர் கணக்கு. "அது எங்க பெரியம்மா கையில" என்று பதில் வந்த பிறகுதான் டிக்கெட்டைக் கையில் கொடுப்பார். மற்ற கம்பெனியில் டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலை எங்களிடம் அரை நாள் ஆகும். வேறு இடத்துக்குப் போகலாமே என்றால், எங்கள் ஜனங்கள் போகமாட்டார்கள். பாய் படித்துக் காட்டாத டிக்கெட்டில் ஏறினால் பிளைட் பறக்காது என்பதுபோல் ஒரு எண்ணம் அவர்களுக்கு.

இன்னொன்றிலும் பாய் பிடிவாதம் பிடிப்பார். டிக்கெட் போடும்போது தொடர்பு எண் என்று ஒரு கட்டம் வரும். அதில் பயணியின் நம்பரைப் போடவே கூடாது. "நேரம் மாறினா மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் வரும். போறவன் போனை அடகு வெச்சிருப்பான், சார்ஜ் இல்லாம வெச்சிருப்பான், மெசேஜ் இங்கிலீஷ்ல வந்தா லோன் குடுக்கறான்னு அழிச்சிடுவான். அதைப் பார்க்கறதுக்குன்னு ஒரு ஆள் இருக்கணும்." அந்த ஆள் நான். செல்போன் வந்ததும் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்த நம்பர்தான் வடசென்னையின் அத்தனை டிக்கெட்டிலும் ஏறியது. மெசேஜ் வந்தால் நான் கூப்பிட்டுச் சொல்வேன். இல்லை, கத்துவேன்.

ஒரு நாள் எர்ணாவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, வளர்ந்த மகன். மகளை அந்தமானில், போர்ட் பிளேரில் கட்டிக்கொடுக்கிறார்கள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். சொந்தபந்தம் அத்தனை பேரையும் பிளைட்டில் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். கல்யாணக் குரூப் என்றால் கம்பெனிக்கு லட்டு சாப்பிடுவது மாதிரி. நான் நோட்டமிட்டு ரேட் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா நடுவில் மெதுவாகக் கேட்டார்.

"பிளைட்ல சீரெல்லாம் எத்துனு போலாம்ல மா?"

"என்னென்ன சீர்?"

"பாத்திரம் கீது. பாய், தலகாணி கீது. அப்பால ஒரு பீரோ கீது."

அந்த வீட்டு அப்பா பீரோ பட்டறையில் வேலை பார்த்தவர். மகளுக்காகச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வாங்கி, கண்ணாடி வைத்து, தன் கையாலேயே செய்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் நான் சிரித்த சிரிப்பு கீழே புடவைக் கடை வரை கேட்டிருக்கும். சிரித்ததோடு நிற்காமல், "பீரோவுக்கு ஜன்னல் ஓர சீட்டு வேணுமா?" என்று வேறு கேட்டேன். அந்த அம்மா முகம் சுருங்கிப்போனது. அப்பா தரையைப் பார்த்தார்.

பாய் எழுந்து வந்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அந்தக் குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்து, பீரோ என்ன உயரம், பூட்டு எந்த மாதிரி என்று விசாரித்தார். பிறகு, "பிளைட் வேணாம். கப்பல்ல போங்க. பீரோவும் வரும், ஜனமும் ஒண்ணாப் போவலாம். கொஞ்ச நாள் கூட ஆவும், அவ்ளோதான்" என்று சொல்லி, கப்பல் ஆபீசுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு கல்யாணக் குரூப்பே படி இறங்கிப் போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பாய், ஒரு பீரோவுக்காக இத்தனை டிக்கெட்டை விட்டுட்டீங்களே!"

"அப்பன் கையால செஞ்ச பீரோம்மா அது. அதை வுட்டுட்டு அந்தப் பொண்ணு எப்படி பிளைட் ஏறும்? நீ ஒண்ணு செய். கப்பல் தேதி அடிக்கடி மாறும். கிளம்பற வரைக்கும் தெனம் கப்பல் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவங்களுக்குச் சொல்லிடு."

கேட்டேன், சொன்னேன். நமக்குப் பைசா லாபமில்லாத கப்பலுக்கு நான் காவல். அந்த அப்பாவின் நம்பரை என் போனில் 'பீரோ அம்மா' என்று பதிந்து வைத்தேன். எனக்கு அது ஒரு வியாதி. ஜனங்களை நான் பேரால் நினைவு வைத்ததே இல்லை. பல்செட் தாத்தா, மூணு கல்யாணம், வெத்தலை டீச்சர். பேரில் ஒரு எழுத்து மாறினால் ஏறவிட மாட்டான் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளின் போன் இந்த லட்சணத்தில் இருந்தது.

பிறகு எல்லார் கையிலும் நல்ல போன் வந்தது. "அக்கா, நானே போட்டுக்கினேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் காதில் அது "அக்கா, நீ செத்துப்போ" என்று விழுந்தது. போட்டவன் யாராவது பகல், ராத்திரி மாற்றிப் போட்டு மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டால் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்? ஒருமுறை பிரியாணிகூட வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்தார்கள். அதுவும் எங்களைவிட மலிவாக. அந்த வேதனையை யாரிடம் சொல்வது!

பாய்க்கு வயதாகி வீட்டோடு இருந்துவிட்டார். நானும் ஓய்வு பெற்றேன். கம்பெனிக்குப் புது நம்பர் வந்துவிட்டதால், பழைய நம்பரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பாயின் மகள் தந்துவிட்டார். இனி நிம்மதி என்று காலை நீட்டி உட்கார்ந்தேன். போன் விடவில்லை.

நானே போட்டுக்கொண்டேன் என்று மார்தட்டியவர்கள், தொடர்பு எண் கட்டம் வந்ததும் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? என் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். பழைய டிக்கெட்டைப் பார்த்து அப்படியே அடித்தவர்கள் சிலர். டிக்கெட் என்றால் அந்த நம்பர்தான் போட வேண்டும் என்று நம்பியவர்கள் பலர். அவர்கள் சொல்லி அவர்களுடைய தோஸ்து, தோஸ்துடைய மச்சான். செக்-இன் செய்யவும், சாப்பாடு வேண்டுமா சொல்லவும், கேட் மாறிவிட்டது ஓடிவரவும் என்று, முகம் தெரியாதவர்களின் மெசேஜ் எல்லாம் எனக்கு வந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் மனைவியிடம் பெங்களூர் என்று சொல்லிவிட்டுப் பாங்காக்குக்கு டிக்கெட் போட்டிருந்தார். எனக்கு மெசேஜ் வந்தது. அவர் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தபோது, நல்ல மனதோடுதான், "பாங்காக்குக்குக் குடை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லும்மா, அங்க மழையாம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டார் என்னோடு பேசுவதில்லை. அவர்களுக்குள்ளேயும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "காசை மிச்சம் பிடிக்க நீங்க, கண் முழிக்க நானா?" என்று பார்த்தவர்களையெல்லாம் திட்டினேன். திட்டினேனே தவிர, வந்த ஒவ்வொரு மெசேஜையும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

அப்படித்தான் ஒரு மத்தியானம், சங்கரா மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தேன். செல்வி என்ற பயணியின் சென்னை - போர்ட் பிளேர் விமானம், நாளை காலை பதினொரு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்கே புறப்படும் என்று இருந்தது.

நேரம் தள்ளிப்போனால் பரவாயில்லை. காத்துக் கிடந்தால் போதும். முன்னால் வந்துவிட்டால்தான் ஆபத்து. விஷயம் தெரியாத ஆள் சாவகாசமாகக் குளித்து, சாமி கும்பிட்டுப் போய் நிற்பார், பிளைட் போயிருக்கும். யார் இந்தச் செல்வி? வடசென்னையில் செல்வி என்று கூப்பிட்டால் ஒரு பஸ் நிறையத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த செல்விகளுக்குப் போன் போட்டேன். தண்டையார்பேட்டை செல்வி, "அந்தமானா? நானே தண்ணி லாரி வரலேன்னு பேஜாராகி நின்னுகினு கீறேன், நீ வேறக்கா" என்று வைத்துவிட்டாள். வியாசர்பாடி செல்விக்கு நான் ஏதோ பரிசு டிக்கெட் தருகிறேன் என்று தோன்றிவிட்டது. "ஊட்டுக்காரரையும் சேத்து அனுப்புவியாக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. விமானக் கம்பெனிக்குப் போட்டால், பயணியின் விவரம் சொல்ல மாட்டோம் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். சட்டப்படி அவள் செய்தது சரி. இருந்தாலும் திட்டினேன்.

கடைசியில் பாய்க்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது காது மந்தம். என் குரல் மட்டும் சரியாகக் கேட்குமாம். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தமானுக்கு நம்ம ஜனம் எதுலம்மா போவும்?" என்று கேட்டார்.

"கப்பல்லதான் பாய்."

"கப்பல்ல போறவங்க பிளைட்ல போறாங்கன்னா, அங்க என்னமோ அவசரம். சாவு இல்ல, பிரசவம். பேரை வுட்டுடு. அங்க யாரு பொண்ணு குடுத்திருக்காங்கன்னு நெனச்சுப் பாரு."

எனக்குச் சுரீர் என்றது. பீரோ அம்மா! அந்த அம்மாவுக்கு ஒரு பேர் இருக்கும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. போனில் இருந்த நம்பரைக் கூப்பிட்டால், உபயோகத்தில் இல்லை என்றது. அவர்கள்தான் என்று நிச்சயமும் இல்லை. இருந்தாலும் வீட்டில் உட்கார முடியவில்லை. மெட்ரோவில் விம்கோ நகர் போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தேன். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றன. நான் ஆட்டோக்காரரைத் திட்டினேன். அவர், "யக்கா, லாரிக்கு மேல ஏறிப் போவ சொல்றியா?" என்றார். நியாயமான கேள்விதான்.

எர்ணாவூர் குடியிருப்பில் பிளாக் பிளாக்காக வீடுகள். குழாயடியில் இருந்த பெண்களிடம் போய், "பீரோ அம்மா வீடு எது?" என்று கேட்டேன். ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க எல்லார் வூட்லயும் பீரோ கீது. உனுக்கு எந்த பீரோ வோணும்?"

நான் வைத்த பட்டப்பேர் என் போனுக்கு மட்டுமே தெரிந்தது என்று அப்போதுதான் உறைத்தது. "அந்தமானுக்குப் பொண்ணு குடுத்தவங்க" என்றேன்.

"அத்த மொதல்ல சொல்ல மாட்டியா? செல்வியம்மா. மேல மூணாவது மாடி."

மூன்று மாடியும் நிற்காமல் ஏறினேன். கதவு திறந்திருந்தது. அதே அம்மா. தலை நரைத்திருந்தது. சுவரில் அந்த அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. தரையில் பையை விரித்து வைத்து, பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, கருவாடு என்று அடுக்கிக்கொண்டிருந்தார். டிரைலர் ஓட்டுகிற மகன் சேகர் டியூட்டி முடித்து ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு அந்தமான் போறீங்களாம்மா?"

"ஆமா. நீ யாரு? பதினோரு மணிக்கி பிளைட்டு. காலைல துன்னுட்டு கெளம்பலாம்னு கீறோம்."

நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கையிலிருந்த லேகிய டப்பா உருண்டது. சேகரை உலுக்கி எழுப்பினார். எனக்கு விவரம் சொன்னார். மகள் மாலாவுக்கு நாளை மறுநாள் காலையில் ஆபரேஷன். முதல் குழந்தை தங்கவில்லை. மாப்பிள்ளை தீவு தீவாகப் போகும் கப்பலில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மாமியார் இல்லை.

"ஒண்டியா பட்துகினு கீதுக்கா ஆஸ்பத்திரில. 'நீ வந்து என் கைய புட்சாதான் உள்ள போவேன், இல்லாங்காட்டி போவமாட்டேன்'னு அயுவுது. இந்த பிளைட்ட வுட்டா நான் எப்டிக்கா போயி சேருவேன்?"

"விடலை, இன்னும் விடலை. நேரமிருக்கு" என்றேன். பிறகு சேகர் பக்கம் திரும்பினேன். ஊரெல்லாம் திட்டித் தீராத கோபம் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.

"டிக்கெட் போட்டது நீயாடா?"

"ஆமாக்கா. நானேதான் போட்டேன்." முகத்தில் பெருமை வேறு.

"மெசேஜ் வந்ததா உனக்கு?"

"வரலியே."

"எப்படிடா வரும்? நம்பர் யாருதைப் போட்டே?"

அவன் போனை எடுத்துக் காட்டினான். என் நம்பரை 'டிக்கெட் அக்கா' என்று வைத்திருந்தான். "நைனா போன்லேருந்து எத்துனது. நம்பர் கேட்டான், போட்டேன். டிக்கெட்டுக்கு உன் நம்பர்தான போடணும்? கப்பலுக்கே தெனிக்கும் போன் போட்டு சொன்னியே நீ. அதான் ஒரு தைரியம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?"

"சொன்னா நீ திட்டுவேன்னு எல்லாரும் சொன்னாங்கோ."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆறு மணி பிளைட் ஞாபகம் வந்தது.

அம்மா, மகன், எட்டிப்பார்த்த எதிர்வீட்டுக் கோமளா, எல்லாரையும் கோரைப்பாயில் உட்கார வைத்தேன். சேகர் போனில் இருந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றேன். பாய் படிப்பதுபோலப் படித்தேன். பேர், ஊர், கிழமை, புது நேரம். இரண்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், மூன்று மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும், ஆதார் அட்டை கைப்பையில், லேகியம் பெரிய பையில். செல்வியம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமா" சொன்னார். பயத்தில் என் குரல் தானாக இறங்கிக்கொண்டே போனது. "யக்கா, ஒண்ணியும் கேக்கல, சத்தமா சொல்லு" என்றான் சேகர். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வூட்டுச் சாவி யார் கையில?" என்று கேட்டேன்.

"இதோ, கோமளா கைல" என்றார் செல்வியம்மா. உடனே சாவியை எடுத்துக் கொடுத்தும்விட்டார். சாவி கை மாறியதும்தான் உருண்டுபோன லேகிய டப்பாவைத் தேடி எடுத்து, பெரிய பையில் வைத்தார். பாயின் கேள்வி எதற்கு என்று அத்தனை வருடம் கழித்து நான் கண்ணால் பார்த்தேன்.

புறப்படும்போது அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பீரோக்கு ஜன்னலாண்ட சீட்டு வோணுமான்னு கேட்டவ நீதான?"

பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. "நான்தான்மா" என்றேன்.

"அன்னிக்கி எம்மா கோவம் எனுக்கு! அவரு ரா முச்சூடும் தூங்கல தெரியுமா? அந்த பீரோ இன்னும் அப்டியே கீது. கண்ணாடி கூட ஒடையல." என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் வாசனை வீசும் கையை அவர் பிடித்திருக்கிறாரே என்ற வெட்கமும் சேர்ந்து வந்தது.

அன்று இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. கோமளா வீட்டில் படுத்து, சேகர் எழுவதற்கு முன்னால் எழுந்து, விடியும் முன்பே செல்வியம்மாவை விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய், திரும்பித் திரும்பிப் பார்த்து, கடைசியில் கூட்டத்தில் மறைந்தார். மறுநாள் மத்தியானம் சேகர் போன் போட்டான். "பொண்ணு பொறந்துகீதுக்கா! ரெண்டு பேரும் நல்லா கீறாங்கோ. அம்மா கையப் புட்சிகினுதான் உள்ள போச்சாம்." நான் அடுப்படியில் நின்று சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டார் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார்கள்.

அன்றிலிருந்து நான் கண்டிப்பாகிவிட்டேன். கோயில் வாசலில், மீன் கடையில், மெட்ரோவில் எல்லாரிடமும் சொன்னேன். கம்பெனியில் போட்டாலும் சரி, நீங்களே போட்டாலும் சரி, மெசேஜ் வந்தால் எழுந்து பார்க்கிற ஆள் நம்பரைப் போடுங்கள். என் நம்பரை யாராவது போட்டால் தொலைத்துவிடுவேன். சேகருக்கு இதை இரண்டு தடவை சொன்னேன். ஜனங்கள் நல்லவர்கள். கேட்டுக்கொண்டார்கள். போன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஒரு நாள் முழுக்க ஒரு மெசேஜும் வராமல் கிடந்தது. ரிப்பேரோ என்று கடையில் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள்.

செல்வியம்மா ஊருக்கு வந்துவிட்டார் என்று மீன்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே சேகருக்குப் போன் போட்டேன்.

"அம்மா வந்துட்டாங்களாமே. ரிட்டர்ன் டிக்கெட் எப்போடா போட்டே?"

"அது அப்பவே போட்டேன்க்கா. நீ சொன்ன மாறியே என் நம்பர்தான் குட்தேன். இந்த வாட்டியும் டைம் மாத்திட்டான். மெசேஜ் வந்துச்சு, நானே பாத்து அம்மாவுக்கு சொல்லிட்டேன். இன்னாக்கா, கரீட்டா?"

சபாஷ் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறான். ஆனால் அதோடு போனை வைக்க மனம் வரவில்லை.

"கரெக்ட்தான். அதுக்குக் கீழ இன்னொரு நம்பர் கேட்டு ஒரு கட்டம் வந்திருக்குமே, அதுல யார் நம்பரைப் போட்டே?"

"அத்த ஒண்ணியும் போடலக்கா. காலியா வுட்டேன்."

"அடுத்த வாட்டி காலியா விடாதே" என்றேன்.